கேம் முடிச்சதும் "செம்ம"ன்னு ஒத்தை வார்த்தையில நிறுத்தாம கருத்து எழுதி வைக்கறது எப்படி

போன வருஷம் ஒரு ஃப்ரெண்ட் கிட்ட "மச்சி அவுட்டர் வைல்ட்ஸ் வெளாடு, செம்ம கேம், வேற எதுவும் கேக்காத"ன்னு சொன்னேன். அவனும் நம்பி வாங்கி ரெண்டு மணி நேரம் வெளாடிட்டு மூடி வச்சுட்டான். என்னடா ஆச்சுன்னு கேட்டா "சண்டையே இல்ல, லெவலும் ஏறல, எங்க போகணும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான், செவுத்துல எழுதி வச்சிருக்கறத படிச்சுக்கிட்டே இருக்கணுமா"ன்னான். அவன் சொன்ன நாலுமே உண்மை, அந்த நாலுக்காகத்தான் எனக்கு அந்த கேம் உயிர். ஆனா நான் சொன்ன "செம்ம"வுக்குள்ள அதுல ஒண்ணுகூட இல்லையே. அவனுக்குப் புடிக்குமா புடிக்காதான்னு அவனே முடிவு பண்ற மாதிரி ஒரு வார்த்தைகூட நான் குடுக்கல.

அதுலேர்ந்து எந்த கேம் வெளாடினாலும் போன்ல சின்னதா எழுதி வைக்கறேன். பெரிய விமர்சனம்லாம் இல்லை, பத்து பதினஞ்சு வரிதான், அதுவும் எனக்கும் என் ஃப்ரெண்ட்ஸுக்கும் மட்டும். ஆனா அதை எப்படி எழுதினா உபயோகமா இருக்குங்கறது பழகப் பழகத்தான் புரிஞ்சுது, அதைத்தான் இங்க சொல்லப் போறேன். சமீபத்துல வெளாடின கேம்களையே உதாரணமா எடுத்துக்கறேன், அதனால நடுவுல என் கருத்தும் வந்துக்கிட்டே இருக்கும், அது ஒத்து வரலன்னா தாராளமா தள்ளிடுங்க, முறையை மட்டும் எடுத்துக்குங்க.

முதல் விஷயம், கன்ட்ரோலரை கீழ வச்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒரு வரி எழுதிடுங்க. மறுநாள் எழுதினா கேம் ஞாபகம் இருக்காது, ட்ரெய்லரும் அடுத்தவங்க சொன்னதும்தான் ஞாபகம் இருக்கும், அதையே நம்ம கருத்துன்னு நெனச்சுப்போம். அந்த முதல் வரியில நான் நாலு தகவல் போடுவேன்: எத்தனை மணி நேரம் வெளாடினேன், எந்த டிஃபிகல்ட்டி, எந்த மெஷின்ல, எங்க நிறுத்தினேன். இது ஏதோ படிவம் நிரப்பற மாதிரி தோணும், ஆனா இந்த வரி இல்லாம மேல எழுதற எதுக்கும் அர்த்தம் கெடையாது.

ஹேடிஸ் எடுத்துக்குங்க. 2020ல வந்த கேம், பாதாள லோகத்துலேர்ந்து சண்டை போட்டுக்கிட்டே வெளிய தப்பிக்கணும், செத்தா திரும்ப வீட்டுலேர்ந்து ஆரம்பம், நான் லேட்டாத்தான் கைல எடுத்தேன். என் நோட்டுல இருக்கறது இதுதான்: "31 மணி நேரம், காட் மோட் ஆன், பத்து தடவை வெளிய வந்தேன், அதோட நிறுத்திட்டேன்." காட் மோட் தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், அதை ஆன் பண்ணினா நம்ம மேல விழற அடி எடுத்த எடுப்புலயே 20 சதவீதம் கொறையும், அப்பறம் ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் கொறையும், 80 வந்ததும் நின்னுடும். அதாவது முப்பது தடவை செத்தா முழு பாதுகாப்பும் வந்துடும். இப்ப நான் "கடைசி பாஸ் (கடைசில வர்ற பெரிய எதிரி) அவ்ளோ கஷ்டம் இல்ல"ன்னு எழுதினா, அந்த ஒரு வரியோட சேர்த்துப் படிச்சாத்தான் அது நேர்மையான கருத்து, இல்லைன்னா அதை நம்பி வெளாடறவன் பாடு திண்டாட்டம்.

ஹேடிஸ்ல எனக்கு சண்டையை விட புடிச்சது செத்துட்டு வீட்டுக்குத் திரும்பி வர்ற நேரம்தான். அங்க இருக்கற ரத்தக் குளத்துலேர்ந்து நாம ஆடற ஆள் ஸாக்ரியஸ் எழுந்து தலையை சிலுப்பிட்டு நடந்து வருவான், கூடத்துல நிக்கறவங்க ஒவ்வொருத்தரும் இந்தத் தடவை அவன் எப்படி செத்தான்கறதை வச்சு புதுசா ஏதாவது சொல்லுவாங்க. தோத்துட்டு வந்தோம்கற எரிச்சலே வராது, அடுத்து யாரு என்ன சொல்லப் போறாங்கன்னு போய் நிப்போம். அந்தப் பேச்சு கொறைய ஆரம்பிச்சதும் எனக்கு ஆர்வமும் கொறைஞ்சுது, கஷ்டத்தை நாமளே ஏத்திக்கற ஹீட் பக்கம் போகவே மனசு வரல. அதையும் எழுதி வச்சிருக்கேன், சண்டைக்காகவே வெளாடறவனுக்கு நான் நிறுத்தின எடத்துல தான் கேமே ஆரம்பிக்கும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். கேம்ங்கறது கையால பண்ற வேலை. அதனால "கண்ட்ரோல்ஸ் ஸ்மூத்தா இருக்கு"ன்னு எழுதாதீங்க, கை என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க. ஒரே ஒரு எடம் போதும்.

செலஸ்ட் (2018) மூணாவது சாப்டர்ல, அந்தப் பாழடஞ்ச ஹோட்டல்ல, ஒரு ரூம்ல நான் நாப்பது தடவைக்கு மேல செத்திருப்பேன். அந்த கேம்ல வித்தை ரொம்ப கம்மி: குதிக்கலாம், செவுத்தைப் புடிக்கலாம், அந்தரத்துல ஒரு தடவை டேஷ் (சட்டுன்னு ஒரு பக்கமா பாயறது) அடிக்கலாம். டேஷ் அடிச்சதும் நாம ஆடற பொண்ணு மேடலினோட செவப்பு முடி நீலமா மாறிடும், தரையில கால் பட்டா திரும்ப செவப்பு. கொஞ்ச நேரத்துல அந்த முடியைப் பாக்கறோம்னே தெரியாது, கண்ணு ஓரத்துல நீலம் தெரிஞ்சா வெரல் தானா டேஷ் பட்டன்லேர்ந்து விலகி செவுத்தைப் புடிக்கற பட்டனுக்குப் போயிடும். செத்தா ஒரு செகண்ட்கூட ஆகாது, அதே ரூம் வாசல்ல நிப்போம். லோடிங் ஸ்க்ரீன் ஒண்ணு நடுவுல வந்திருந்தா நான் பத்தாவது சாவுலயே மூடி வச்சிருப்பேன், வராததால கை அப்படியே தொடர்ந்துச்சு.

இதுல நான் அப்பறமா தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு இருக்கு. ஓரத்துலேர்ந்து கால் விலகி அந்தரத்துக்குப் போன பிறகும் சில ஃப்ரேம் வரைக்கும் ஜம்ப் பட்டன் அமுக்கினா கேம் அதை ஏத்துக்கும், கொயோட்டி டைம்னு சொல்லுவாங்க. மேல குதிக்கும்போது தலை ஒரு முனையில லேசா இடிச்சா கேமே நம்மளை பக்கவாட்டுல நகத்தி மேல விட்டுடும். இதெல்லாம் பண்ணினவங்களே வெளிப்படையா சொல்லியிருக்காங்க. பாக்க கொடூரமா இருக்கற கேம் உள்ளுக்குள்ள இவ்ளோ பாசமா நடத்துதுங்கறது தெரிஞ்சதும் எனக்கு அந்த கேம் மேல மரியாதை வந்துடுச்சு. அப்படியும் முடியாதவங்களுக்கு அசிஸ்ட் மோட் இருக்கு, வேகத்தை பாதி வரைக்கும் கொறைக்கலாம், அது தப்புன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

இப்ப இதையே "பிளாட்ஃபார்மிங் டைட்டா இருக்கு, கஷ்டம் ஆனா ஃபேர்"னு எழுதியிருந்தா படிக்கறவங்களுக்கு என்ன கெடைச்சிருக்கும்? அந்த வரியை எந்த கேமுக்கும் போடலாம். முடி கலரையும் வெரலையும் எழுதினா அது செலஸ்ட் மட்டும்தான்.

கணக்குப் போடற மாதிரியான கேம் வந்தா கையை எழுத முடியாது, அப்ப ஒரு டர்னை எடுத்து முழுசா பிரிச்சுக் காட்டிடுங்க. பலாட்ரோ 2024 பிப்ரவரில வந்துச்சு, ஒரே ஆள் பண்ணினது, சீட்டுக்கட்டு வச்சு போக்கர்ல வர்ற ஜோடி மாதிரியான சேர்க்கைகளை உருவாக்கி ஸ்கோர் ஏத்தணும். "ரொம்ப அடிக்டிவ்"னு சொல்றதுக்கு பதிலா நான் எழுதி வச்சது இது. ரெண்டு கிங்கை ஜோடியா போட்டா, ஜோடிக்கு 10 சிப், ஒவ்வொரு கிங்குக்கும் 10, மொத்தம் 30, அதை ஜோடியோட மல்ட் (பெருக்கற எண்) 2ஆல பெருக்கினா 60. முதல் ரவுண்டுல எடுக்க வேண்டியது 300. மல்ட்ல 4 கூட்டற சாதா ஜோக்கர் (ஸ்கோரை ஏத்தற தனிச் சீட்டு) ஒண்ணு கைல இருந்தா 30ஐ 6ஆல பெருக்கி 180. அது கூட மல்ட்டை 3ஆல பெருக்கற ஜோக்கர் ஒண்ணும் இருக்குன்னு வைங்க. ஜோக்கர் எல்லாம் இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கமா ஒவ்வொண்ணா வேலை செய்யும். கூட்டறது முன்னாடி, பெருக்கறது பின்னாடின்னு வச்சா 2 கூட்டல் 4, அது 6, மூணால பெருக்கினா 18, ஸ்கோர் 540, ரவுண்ட் முடிஞ்சுது. மாத்தி வச்சா ரெண்டை மூணால பெருக்கி 6, அதுல 4 கூட்டினா 10, ஸ்கோர் 300, சரியா கோட்டுல நிக்கும். அதே சீட்டு, அதே ஜோக்கர், எடம் மாத்தினதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இது புரிஞ்ச ராத்திரி நான் தூங்கவே இல்ல. இதைப் படிச்சு ஒருத்தனுக்கு கண்ணு விரிஞ்சா அவனுக்கு பலாட்ரோ புடிக்கும், கொட்டாவி வந்தா வாங்க வேணாம், அவ்ளோதான், மேல ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்ல.

ஸ்பாய்லர் விஷயம் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா சில கேம்ல தெரிஞ்சுக்கறதுதான் கேமே. நான் வச்சிருக்கற வழி இதுதான், கேம் என்ன காட்டுச்சுன்னு சொல்ல மாட்டேன், அது என்னை என்ன பண்ண வச்சுதுன்னு சொல்லுவேன். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்ல, அது 2018ல லூகாஸ் போப் பண்ணினது, காணாமப் போன ஒரு கப்பல் 1807ல ஆளே இல்லாம திரும்பி வருது, அதுல இருந்த 60 பேருக்கும் என்ன ஆச்சுன்னு இன்சூரன்ஸ் ஆளா நாம போய் கண்டுபுடிக்கணும். கைல ஒரு கடிகாரம், பொணத்துக்கிட்ட அதைத் தொறந்தா அந்த ஆள் செத்த கணம் அப்படியே ஒறைஞ்சு நிக்கும், அதுக்குள்ள நடந்து பாக்கலாம். படம் முழுக்க கருப்பு வெள்ளைப் புள்ளிதான்.

இதுல யாரு யாரைக் கொன்னாங்கன்னு நான் ஒரு எழுத்துகூட சொல்ல மாட்டேன். ஆனா இதைச் சொல்லலாம்: மூணாவது மணி நேரத்துல நான் செத்தவனைப் பாக்கறதையே விட்டுட்டேன். அவனுக்குப் பின்னாடி, ரெண்டு தளம் தள்ளி, கதவு இடுக்குல, தன் வேலையைப் பாத்துக்கிட்டு நிக்கற ஆளுங்களைப் பாக்க ஆரம்பிச்சேன். எந்த உச்சரிப்புல பேசறான், யாரு பக்கத்துல எப்பவும் நிக்கறான், என்ன துணி போட்டிருக்கான். நோட்டுல பேரு எழுதி அடிச்சு திரும்ப எழுதி பக்கம் பக்கமா போச்சு. மூணு பேரோட முடிவு சரியா எழுதினாத்தான் கேம் "சரி"ன்னு சொல்லும், அதனால ரெண்டு உறுதியா தெரிஞ்சு மூணாவதுக்கு ஊகம் பண்ணி ஒவ்வொரு பேரா மாத்திப் பாக்கற ஆசை வரும். கடைசி பத்து பேர்கிட்ட நான் அதைத்தான் பண்ணினேன், அதனால கடைசில கெடைக்க வேண்டிய திருப்தி எனக்கு பாதிதான் கெடைச்சுது. ஒரு காட்சியைத் திரும்பப் பாக்கணும்னா அந்தப் பொணம் இருக்கற எடத்துக்கே நடந்து போகணும், அதுவும் கடைசில சலிப்பைக் குடுத்துச்சு. இவ்ளோ சொல்லியும் கதை ஒண்ணும் வெளிய வரல பாருங்க, ஆனா எப்படிப்பட்ட கேம்னு தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது குறை சொல்ற விஷயம். குறை எழுதறதுக்கு முன்னாடி நான் என்னையே ஒண்ணு கேட்டுப்பேன்: இது கேம்ல இருக்கற கோளாறா, என் பழக்கமா, இல்ல அன்னிக்கு எனக்கு இருந்த மனநிலையா? மூணும் வேற வேற. ஹாலோ நைட் ரொம்ப நாள் வெளாடினவன் நான், அதுல கீழ இருக்கற எதிரியை நேரா கீழ அடிச்சு அது மேல எகிறிக்கிட்டே போகலாம். அறிவிச்சு ஆறு வருஷத்துக்கு மேல காத்திருந்து 2025 செப்டம்பர்ல அதோட அடுத்த பாகம் சில்க்சாங் வந்ததும் ஒக்காந்தேன், இதுல நாம ஆடற ஹார்னெட் நேரா அடிக்க மாட்டா, குறுக்கால சாய்ஞ்சு பாயறா. முதல் ரெண்டு நாள் என் நோட்டுல "கண்ட்ரோல் சரியில்ல"ன்னு இருக்கு. மூணாவது நாள் அதை அடிச்சுட்டு "என் கை பழைய கேம்லயே இருக்கு"ன்னு மாத்தி எழுதினேன். அப்பறம் வேற க்ரெஸ்ட் (அடிக்கற விதத்தை மாத்தறது) கெடைச்சதும் நேர் அடி திரும்ப வந்துச்சு, ஆனா அதுக்குள்ள எனக்கு அந்தச் சாய்ஞ்ச பாய்ச்சல் புடிச்சுப் போச்சு. அதே கேம்ல ஆரம்பத்துலயே நெறைய எதிரிங்க ஒரே அடியில ரெண்டு உயிரை எடுத்துடறாங்க, அது எனக்கு இப்பவும் குறையாத்தான் படுது, தப்புலேர்ந்து கத்துக்க எடமே குடுக்காம அனுப்பிடுது. இதை நான் அடிக்கல, அப்படியே விட்டிருக்கேன்.

ஸ்டார்ட்யூ வேலில தப்பு முழுக்க நான் வெளாடின விதத்துல. ஒரு நாள்ங்கறது கேம்ல கிட்டத்தட்ட 14 நிமிஷம், ஒரு பருவத்துக்கு 28 நாள், நான் எந்தப் பயிர் எவ்ளோ லாபம்னு கணக்கு வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் வீணாக்காம ஓடினேன், ரெண்டாவது வருஷத்துல அலுத்துப் போச்சு. அலுப்புக்குக் காரணம் எக்செல் ஷீட்டுன்னு நோட்டுல எழுதியிருக்கேன். இதுக்கு மேல அதைப் பத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்ல, திரும்ப ஆரம்பிச்சு மெதுவா வெளாடிட்டு சொல்றேன்.

எல்டன் ரிங் மாதிரி பெரிய கேமை ஒரே கருத்தா எழுத முயற்சி பண்ணாதீங்க, பிரிச்சுடுங்க. ஆரம்பப் பகுதியான லிம்கிரேவ்ல கதவைத் தொறந்து வெளிய வந்ததும் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் சுத்திக்கிட்டு இருப்பான், போனா ரெண்டு அடியில காலி. அவன்கிட்ட போகாதேன்னு கேம் சொல்லாது, இப்ப வேணாம் அப்பறம் வரலாம்னு நாமளா புரிஞ்சுக்கணும். பதினஞ்சு மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து அவனை விழ வச்சப்ப எனக்கு ஒடம்பே நடுங்குச்சு. முதல் பாதிக்கு என் கருத்து அதுதான், இவ்ளோ சுதந்திரம் குடுத்த உலகத்தை நான் பாத்ததே இல்ல. ஆனா அம்பது மணி நேரத்துக்கு அப்பறம் சுரங்கக் கல்லறை ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி கல்லு ஒரே மாதிரி பொறி, ஏற்கனவே கொன்ன பாஸே வேற எடத்துல திரும்ப நிக்கறான், உள்ள போகறப்பவே ஆர்வம் வடிஞ்சுடுது. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. சராசரி எடுத்து பத்துக்கு எட்டுன்னு மார்க் போட்டா அந்த குதிரைவீரனும் காணாமப் போயிடுவான், கல்லறை அலுப்பும் காணாமப் போயிடும். மார்க் போடறதையே நான் இதனாலதான் நிறுத்தினேன். ஆங், ஸ்பிரிட் ஆஷ் (நம்ம கூட சண்டை போடற ஆவி) கூப்பிட்டு சண்டை போட்டேன்கறதும் நோட்டுல இருக்கு, அது முதல் வரி விஷயம்.

முடிக்காத கேமைப் பத்தி எழுதலாமான்னு கேட்டா, தாராளமா எழுதலாம், எங்க நிறுத்தினோம்னு சொல்லிட்டு எழுதுங்க. பால்டர்ஸ் கேட் 3ல நான் இன்னும் மூணாவது ஆக்ட்லதான் இருக்கேன், அதனால முடிவு எப்படின்னு வாயே தொறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு உறுதியா சொல்லுவேன். அதுல பேச்சுல ஒருத்தரை சமாதானம் பண்ணணும்னாகூட இருவது முகம் இருக்கற பகடை ஸ்க்ரீன்ல உருளும். ஆரம்பத்துல நான் ஒவ்வொரு தடவை கம்மியா விழுந்தப்பவும் பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணி திரும்ப உருட்டினேன், கேம் சப்புன்னு இருந்துச்சு, எதுக்கு இவ்ளோ பேர் கொண்டாடறாங்கன்னே புரியல. ஒரு நாள் லோட் பண்ண சோம்பேறித்தனம் பட்டு தோல்வியோட அப்படியே போனேன், பேசித் தீர்க்க வேண்டியது சண்டையா மாறுச்சு, கூட இருந்தவ கோவிச்சுக்கிட்டா, கதை நான் நெனச்சே பாக்காத பக்கம் போச்சு. அன்னிலேர்ந்து லோட் பண்றதில்ல, அன்னிலேர்ந்துதான் அந்த கேம் எனக்குப் புடிச்சுது. யாருக்கு சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன்.

தேதியும் போடுங்க. கேமுங்க இப்பல்லாம் வந்த நாள்ல இருந்த மாதிரியே இருக்கறதில்ல. சைபர்பங்க் 2077 2020 டிசம்பர்ல வந்தப்ப பழைய கன்சோல்ல இருந்த நெலமையில பிளேஸ்டேஷன் ஸ்டோர்லேர்ந்தே கொஞ்ச மாசம் தூக்கி வச்சிருந்தாங்க, 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட் வந்தப்ப திறமைகளோட அமைப்பு, போலீஸ் துரத்தறது எல்லாமே மாறிப்போச்சு. இதுல எந்த வருஷத்துல வெளாடினேன்னு சொல்லாம நல்லாருக்கு நல்லால்லன்னு சொன்னா ரெண்டு பேரும் வேற வேற கேமைப் பத்தி சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க.

எல்லாம் சேர்ந்தா எப்படி வரும்னு காட்டறதுக்கு, அந்த ஃப்ரெண்டுக்கு நான் ரெண்டாவது தடவை அனுப்பின மெசேஜை அப்படியே போடறேன்:

"அவுட்டர் வைல்ட்ஸ், 2019ல வந்தது. நான் 24 மணி நேரம் வெளாடினேன், முழுசா முடிச்சேன், கன்ட்ரோலர்ல. சண்டை கெடையாது, லெவல் கெடையாது, வாங்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், உன்கிட்ட மிஞ்சறது நீ தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான், அதை கப்பல்ல இருக்கற கம்ப்யூட்டர் எழுதி வச்சுக்கும். முதல் ரெண்டு மணி நேரம் கப்பலை எங்கயாவது மோதிக்கிட்டே இருப்பே, அது சகஜம். எங்க போகன்னு தெரியலன்னா அந்தக் கம்ப்யூட்டரைத் தொறந்து எந்தக் கட்டத்துல இன்னும் தெரிய வேண்டியது இருக்குன்னு போட்டிருக்கோ அங்க போ. ப்ரிட்டில் ஹாலோன்னு ஒரு கிரகம், தரை துண்டு துண்டா ஒடைஞ்சு நடுவுல இருக்கற கருந்துளைக்குள்ள விழுந்துக்கிட்டே இருக்கும், நான் ஒரு தடவை படிச்சுக்கிட்டு இருக்கும்போதே நின்ன எடம் பேந்து போச்சு. படிக்கறது புடிக்காதுன்னா இந்த கேம் வேணாம், நெஜமாவே சொல்றேன். புடிக்கும்னா இதைப் பத்தி இனிமே எங்கயும் எதையும் தேடாத."

அவன் "ஓகே, படிக்கற மூட் வந்தா எடுக்கறேன்"ன்னு பதில் போட்டான், இன்னும் எடுக்கல. பரவால்ல, இப்ப அவனுக்கு என்ன எடுக்கறோம்னு தெரியும்.

கடைசியா ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டைத் திரும்பத் தொறந்து கீழ ஒரே ஒரு வரி சேருங்க, இப்ப அந்த கேம்லேர்ந்து என்ன ஞாபகம் வருதுன்னு. மேல எழுதினதை அழிக்காதீங்க, ரெண்டும் இருக்கட்டும். ஹேடிஸுக்கு கீழ நான் சேர்த்த வரி: "சண்டை ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, குளத்துலேர்ந்து எழுந்து வர்றது ஞாபகம் இருக்கு." பலாட்ரோவுக்கு கீழ இன்னும் எழுதல, அது இன்னும் முடியவே இல்ல.